பழைய வரைபடமும் மனச்சான்றும்

அறியாமல் செய்த தவற்றுக்கு ஒருவர் எந்த அளவுக்குப் பொறுப்பாவார் என்பது அறநெறி இறையியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. இறையியலார் அறியாமையை இரண்டாகப் பகுத்தனர். எவ்வளவு முயன்றாலும் நீக்க இயலாத அறியாமை ஒன்று. சற்றே முயன்றால் நீங்கிவிடும் அறியாமை மற்றொன்று. முன்னதற்காக எவரையும் குற்றவாளியாக்க முடியாது. பின்னது அப்படியன்று. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், பார்த்திருந்தால் புரிந்திருக்கும் என்ற நிலையில் கேளாமலும் பாராமலும் இருந்துவிட்டவர், 'எனக்குத் தெரியாது' என்று கை கழுவிவிட இயலாது.

இந்தப் பகுப்பை நாம் பெரும்பாலும் தனிமனிதர் செயல்களுக்கே பொருத்திப் பார்க்கிறோம். நாம் குடியிருக்கும் நிலத்தைப் பற்றிய அறியாமைக்கும் இது பொருந்துமா? நம் கால்களுக்குக் கீழே நேற்று ஓடையொன்று ஓடிற்றா, நம் தெரு ஒருகாலத்தில் குளத்தின் வயிறாக இருந்ததா என்பவற்றை அறியும் கடமை நமக்கு உண்டா? தென்காசி, குற்றாலம் வட்டாரத்தின் பழைய தலப்படங்களை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு இக்கேள்வியைச் சிந்திப்போம்.

தலப்படம் என்பது நிலத்தின் மேடு பள்ளங்களையும், நீர்வழிகளையும், ஊர்களையும், பாதைகளையும் அளந்து காட்டும் படம். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட தாள்களில் ஒரு மைல் தொலைவு ஓர் அங்குலமாகக் குறுக்கப்பட்டிருக்கும். விடுதலைக்குப் பின் வந்த மெட்ரிக் தாள்களில் ஒரு கிலோமீட்டர் இரண்டு சென்டிமீட்டராகும். நீருக்கு நீலம், காட்டுக்குப் பச்சை, பயிர் நிலத்துக்கு மஞ்சள், குடியிருப்புக்கும் சாலைக்கும் சிவப்பு, உயரத்தைக் காட்டும் கோடுகளுக்குப் பழுப்பு என்பது அத்துறையின் மரபு. கோயிலுக்கும் மசூதிக்கும் ஆலயத்துக்கும் கல்லறைக்கும் கிணற்றுக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் குளத்துக்கு ஒரு குறி, மழைக்காலத்தில் மட்டும் நிறையும் குளத்துக்கு வேறொரு குறி. பனைமரத்துக்கும் ஒரு குறியுண்டு!

தென்காசியும் குற்றாலமும் 58 எச்/5 என்ற எண்ணுள்ள தாளில் அமைந்துள்ளன. அத்தாளின் மேற்கு ஓரம் 77 பாகை 15 கலைத் தீர்க்கக்கோடு. செங்கோட்டை ஏறத்தாழ அக்கோட்டின்மேலேயே அமர்ந்திருக்கிறது. வடக்கு ஓரம் 9 பாகை அட்சக்கோடு. ஆகவே செங்கோட்டைக்கு வடக்கே சிறு தொலைவில் நான்கு தாள்கள் ஒரு மூலையில் சந்திக்கின்றன. மேக்கரைப் பக்கமிருந்து வரும் அனுமன் நதியையும் குற்றால மலையிலிருந்து இறங்கும் சிற்றாற்றையும் ஒருசேரக் காண வேண்டுமானால் தாள்களை ஒட்டவைத்துத்தான் பார்க்க வேண்டும். அளப்பவரின் வசதிக்காக இடப்பட்ட ஓரங்கள் ஆற்றைக் கட்டுப்படுத்துவதில்லை என்பது தாளை விரித்தவுடன் கிடைக்கும் முதற்பாடம்.

இரண்டாவது பாடத்தைப் பழுப்புக் கோடுகள் கற்பிக்கின்றன. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் அவை. கோடுகள் நெருங்கினால் நிலம் செங்குத்து, விலகினால் சமவெளி. குற்றாலத்துக்கு மேற்கே அவை ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நிற்கின்றன. தென்காசிக்குக் கிழக்கே ஒன்றையொன்று காணாத தொலைவுக்குப் பிரிந்துவிடுகின்றன. ஆயிரம் மீட்டருக்கும் மேலான முகடுகளிலிருந்து, கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 150 மீட்டர் உயரத்திலுள்ள தென்காசிச் சமவெளிக்கு, நீர் சில கிலோமீட்டர் தொலைவில் இறங்கிவிடுகிறது. தேனருவி, செண்பகாதேவி, பேரருவி என்று படிப்படியாக விழும் அழகை நாம் அறிவோம். அந்தச் சரிவின் மறுபக்கத்தை 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் காட்டிற்று. மேலே பெய்த மழை கீழே குளித்துக்கொண்டிருந்தோர்மேல் திடீர் வெள்ளமாக இறங்கியது. பதினேழு வயதுச் சிறுவர் ஒருவர் உயிரிழந்தார். நம் தலைக்குமேல் வானம் தெளிந்திருந்தாலும் மலைக்குமேல் என்ன நடக்கிறதென்று கேட்டறிந்த பின்னரே அருவிக்கடியில் நிற்க வேண்டுமென்பதை நெருங்கி நிற்கும் பழுப்புக் கோடுகள் முன்னரே சொல்லிக்கொண்டிருந்தன.

மூன்றாவது பாடம் நீலத்தில் உள்ளது. சிற்றாறு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓடிச் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. வழியில் குண்டாறு, அனுமன் நதி, அழுதகண்ணியாறு முதலியவற்றின் நீரையும் சேர்த்துக்கொள்கிறது. இடையிடையே அணைக்கட்டுகள்; ஒவ்வோர் அணைக்கட்டிலிருந்தும் கால்வாய்; கால்வாயின் வழிநெடுகக் குளங்கள். மேற்குளம் நிறைந்ததும் மறுகால் பாய்ந்து கீழ்க்குளத்துக்குச் செல்லும். அது நிறைந்ததும் அதற்கடுத்தது. வரைபடத்தில் பார்க்கும்போது இது நூலில் கோத்த மணிமாலை போலத் தோன்றும். இந்த மாலையில் ஒரு மணி உடைந்தால் அந்த ஊர் மட்டும் வறள்வதில்லை. அதற்குக் கீழேயுள்ள ஊர்களின் காரும் பிசானமும் பாழாகும். வெள்ளக் காலத்திலோ, நிற்க இடமற்ற நீர் வீடுகளுக்குள் நுழையும். ஊர்ப்பெயர்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. சீவலப்பேரி என்பது சீவல்லபப் பேரேரி என்பதன் மரூஉ. ஆயிரப்பேரி என்ற பெயரிலும் அந்தப் பேரேரி ஒலிக்கிறது. நீர்நிலையின் பெயரைத் தன் பெயராகக் கொண்ட ஊர், தான் எதனால் உண்டானது என்பதை மறக்காதிருக்கச் செய்துகொண்ட ஏற்பாடு அது.

பழைய தாளையும் இன்றைய தாளையும் அருகருகே வைத்தால் வேறு பலவும் தெரியவரும். குண்டாறு, அடவிநயினார் அணைகள் பழைய தாளில் இல்லை. அவை விடுதலைக்குப் பின் கட்டப்பட்டவை. 1904-இல் மலையைக் குடைந்து கொல்லம் வரை திறக்கப்பட்ட மீட்டர் பாதை பழைய தாளில் உண்டு; அப்பாதையின் மலைப்பகுதி அகலப்பாதையாகி 2018-இல் மீண்டும் முழுமையாகத் திறக்கப்பட்டது. நூறாண்டுக்கு முன் பாதைக்கு மண்மேடு எழுப்பியவர்கள் நீர் கடக்கும் இடங்களில் எல்லாம் சிறுபாலம் அமைத்தார்கள். எந்தப் பாலத்தின் அடியில் இன்று ஓடையே இல்லையோ, அங்கே ஒரு கேள்வி காத்திருக்கிறது என்று பொருள்.

இன்னொரு கோடும் பழைய தாளில் உண்டு. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. செங்கோட்டை திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் நடந்து கடக்கக்கூடிய வயல்வெளியில் இரண்டு அரசுகளின் எல்லை. 1956 நவம்பர் 1 அன்று அந்த எல்லை அங்கிருந்து மேற்கே நகர்ந்தது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமாயிற்று. இந்தக் கோடுகளெல்லாம் இடம்பெயர்ந்தன. சிற்றாறு மட்டும் தன் பள்ளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நிலத்தின் வடிவை ஒட்டிய கோடு எது, அதிகாரத்தின் வசதிக்காக இடப்பட்ட கோடு எது என்று பிரித்தறியும் பயிற்சியைப் பழைய வரைபடம் நமக்குத் தருகிறது.

இங்கே ஓர் ஐயம் எழும். இந்த வரைபடங்களை உருவாக்கியவர்கள் யார்? எதற்காக உருவாக்கினார்கள்? 1799-இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் கர்நாடகப் பகுதி முழுவதும் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. அதற்கடுத்த ஆண்டே, 1802 ஏப்ரலில், வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைக்கருகே ஏறக்குறைய ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பெரும் முக்கோண அளவை அங்கே பிறந்தது. அரை டன் எடையுள்ள அவருடைய தியோடலைட்டுக் கருவி 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் மேலேற்றப்படும்போது மோதிச் சிதைந்ததும், அவர் அதைத் தம் கையாலேயே செப்பனிட்டதும் நில அளவை வரலாற்றில் புகழ்பெற்ற செய்திகள். பூமியின் வடிவை அறியும் அறிவியல் வேட்கை லாம்ப்டனுக்கு இருந்தது உண்மை. அவருக்கு ஊதியம் தந்த கம்பெனிக்கோ படை செல்லும் வழியும் வரி வரும் வழியும் தெரிந்தால் போதும்.

அதற்கும் முன்பே நம் மண்ணை வரைந்தவர்களுள் மறைப்பணியாளர்களும் உண்டு. பெரிய சஞ்சீவிநாதர் என்று நம் முன்னோர் அழைத்த இயேசு சபைத் துறவி புஷே அடிகளார் 1719-இல் தென்னகத்தின் உட்பகுதிகளைக் காட்டும் வரைபடம் ஒன்றை உருவாக்கினார். அவர் நோக்கம் வேறு; மறைத்தளங்களை அறிவதும் அறிவிப்பதும் அவருக்கு வேண்டியிருந்தது. எவ்வாறாயினும், வரைபடம் எதுவும் நோக்கமின்றிப் பிறப்பதில்லை.

தன்னலத்துக்காக அளந்தவன் தந்த சான்றை நாம் ஏற்கலாமா? ஒரு செயலை மதிப்பிடும்போது செயல், நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் தனித்தனியே நோக்க வேண்டும் என்பது அறநெறியின் பாடம். நோக்கம் குறையுடையது என்பதால் அளவு பொய்யாகிவிடாது. எனினும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் ஏற்பதும் அறிவுடைமையன்று. இதற்கு ஓர் எளிய வழி உண்டு: பொய் சொல்வதால் சாட்சிக்கு ஆதாயம் இல்லாத இடத்தில் அவரை நம்பலாம், ஆதாயம் உள்ள இடத்தில் ஐயுறலாம். குளத்துப் பாசனம் பெற்ற நஞ்சைக்குப் புஞ்சையைவிட மிகுதியான தீர்வை கிடைத்தது. ஆகவே வரி தண்டியவர் குளத்தை மறைத்திருக்க மாட்டார். அவருடைய பேராசையே குளங்களின் கணக்குக்குக் காவலாயிற்று. மலைக்காட்டின் கதை வேறு. அங்கே 'ஒதுக்கப்பட்ட காடு' என்று எல்லைக்கோடு வரைந்தவருக்கு மரம் தேவைப்பட்டது. அக்காட்டில் தலைமுறை தலைமுறையாகத் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த மலைவாழ் மக்களின் உரிமையைப் பற்றி அந்தக் கோடு ஒன்றும் சொல்லாது. அங்கே நாம் வரைபடத்தை நம்பிவிட்டால் அநீதிக்குத் துணைபோனவர்களாவோம்.

வரைபடத்தின் மௌனங்களையும் படிக்கத் தெரிய வேண்டும். தாளின் ஓரத்தில் நில அளவைத் துறைத் தலைவரின் பெயர் அச்சாகியிருக்கும். சங்கிலி பிடித்து நடந்தவர்கள், கொடி ஊன்றியவர்கள், காட்டுக் காய்ச்சலில் மடிந்தவர்கள் பெயர் இராது. அந்தச் சங்கிலியின் நீளம் 66 அடி. ஒரு சதுரச் சங்கிலி நிலம் 4,356 சதுர அடி; அதாவது சரியாகப் பத்து சென்ட். இன்றைக்கும் நாம் மனை வாங்கும்போது 'எத்தனை சென்ட்' என்று கேட்கிறோமே, அந்தக் கணக்குக்குப் பின்னால் வெயிலில் சங்கிலி இழுத்த கூலியாளரின் நடை இருக்கிறது.

ஒரு மைலை ஓர் அங்குலமாக்கிய தாளில் ஊர் முழுவதும் ஒரே சிவப்புத் திட்டு. ஊருக்கும் சேரிக்கும் நடுவே நாம் இட்ட தொலைவு அதில் தெரியாது. கிராமப் புல வரைபடங்களுக்கும் பதிவேடுகளுக்கும் இறங்கி வந்தால்தான் 'நத்தம்', 'சேரி நத்தம்' என்ற இரு சொற்கள் எதிர்ப்படும். உறவுகளில் நாம் எழுப்பிய சுவரை அளவையர் மையால் பதிவு செய்தார், அவ்வளவே. கல்லறைத் தோட்டத்தைக்கூடச் சாதிக்கொரு பகுதியாகப் பிரித்த ஊர்கள் கிறிஸ்தவர்களாகிய நம்மிடையேயும் இருந்தன, இருக்கின்றன. நீர்வழியை மறந்த அறியாமையோடு இந்த அறியாமையையும் சேர்த்தே நாம் சோதித்தறிய வேண்டும்.

தாள் சொல்லாததைச் சொல்ல வேறு சாட்சிகளும் உள்ளனர். தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் குறத்தி தன் மலைவளத்தைப் பாடுகிறாள். அளவுகோல் ஏதுமின்றி ஒரு நிலத்தை முழுமையாக நினைவில் வைத்திருக்கும் முறை அது. குளத்து நீரைப் பங்கிட்டு மடை திறந்த முதியவர்களும், நாற்று நட்ட பெண்களும் அப்படிப்பட்ட வரைபடங்களே. அவர்களிடம் கேளாமல் தாளை மட்டும் பார்ப்பது பாதிச் சாட்சியைக் கேட்டுத் தீர்ப்பெழுதுவது போன்றது.

இப்போது நம் முதற்கேள்விக்குத் திரும்புவோம். சென்னையில் மாம்பலத்தை ஒட்டி நீண்ட ஏரியொன்று இருந்தது. 1920களில் அதை வடித்துத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற சாலை இன்றும் உண்டு. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. நம் பக்கத்துத் திருநெல்வேலியில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், வேய்ந்தான்குளத்தின் ஒரு பகுதியில் புதிய பேருந்து நிலையம் எழுந்தது. 2015 டிசம்பரில் சென்னையும், 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களும் பெருமழையைக் கண்டன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவாயிற்று. அத்தகைய மழையை எந்தக் குளமும் முழுமையாகத் தாங்கியிராது என்பது உண்மையே. ஆனால் எந்த நீர் எங்கே நின்றிருக்கும், எந்த வழியே வடிந்திருக்கும் என்பதைப் பழைய தாள்கள் நமக்கு முன்னரே அறிவித்திருந்தன.

முன்பு இத்தாள்களைப் பெறுவது பொதுமக்களுக்கு எளிதாக இல்லை. பாதுகாப்புக் காரணங்கள் கூறிப் பல தாள்கள் விற்பனைக்கே வரவில்லை. 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கையும், 2021 பிப்ரவரியில் வந்த நெறிமுறைகளும் அந்தக் கதவைத் திறந்தன. இன்று ஒரு கல்லூரி மாணவி தன் கைப்பேசியில் பழைய தாளையும் செயற்கைக்கோள் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்துவிட முடியும். அப்படியானால் நம் அறியாமை நீக்க இயலாததன்று. அது நீங்கக்கூடிய அறியாமை. அடுத்தவன் எல்லைக்கல்லைப் பெயர்ப்பவனை இணைச்சட்ட நூல் சபிக்கிறது. குளத்தின் எல்லைக்கல் யாருடைய கல்? அது கீழூர் உழவனுடையது; இன்னும் பிறவாத குழந்தையினுடையது. ஒருவருக்கும் தனியுடைமை அல்லாதது என்பதால் அதைப் பெயர்ப்பது சிறுகுற்றம் ஆகிவிடாது. உரியவர் பலர் என்பதால் ஈடுசெய்யும் கடன் பெருகுகிறது.

ஒரு மறுப்பை இங்கே நேர்மையோடு எதிர்கொள்ள வேண்டும். "நாற்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம், பட்டா இருக்கிறது, மின்இணைப்பு இருக்கிறது. பழைய தாளைக் காட்டி எங்களைத் தெருவில் நிறுத்துவீர்களா?" என்று ஓர் ஏழைக் குடும்பம் கேட்கலாம். அவர்கள் கேள்வி நியாயமானது. ஈடுசெய்தல் பற்றிய அறநெறிப் போதனை, நல்லெண்ணத்தோடு உடைமை கொண்டவரையும் அறிந்தே அபகரித்தவரையும் ஒரே தட்டில் வைப்பதில்லை. போக்கிடமின்றிக் குளத்தங்கரையில் குடிசை போட்டவரும், குளமென்று தெரிந்தே மனைப்பிரிவாக்கி விற்றவரும், அதற்கு ஒப்புதல் முத்திரை இட்டவரும் சமமல்லர். மாற்றிடம் தராமல் ஏழையை மட்டும் அகற்றிவிட்டுப் பெரிய கட்டடங்களைத் தொடாமல் விடுவது ஓர் அநீதியை மறைக்க மற்றோர் அநீதி செய்வதாகும். நிறுவனங்களின் கட்டடங்களும், வழிபாட்டு இடங்களும்கூட இந்தச் சோதனைக்கு விலக்கல்ல. முதலில் நம் வளாகச் சுவரின் கீழே என்ன இருந்தது என்று பார்த்துவிட்டு, பின்னர் அடுத்தவர் சுவரைச் சுட்டுவதே முறை.

'போனது போனதுதான்' என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் தென்காசிக் கோபுரத்தைச் சற்று நிமிர்ந்து பார்க்கட்டும். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயிலின் கோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றது. பலரும் கைகொடுக்க, ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்து 1990-இல் குடமுழுக்குக் கண்டது. தலைமுறைகள் பல கடந்தும் கோபுரத்தை எழுப்ப முடிந்த மக்களுக்கு, மேடாகிப்போன ஒரு வரத்துக்காலைத் தோண்டுவது இயலாத செயலா?

நாம் செய்யக்கூடியது பெரிதொன்றும் இல்லை. நம் ஊர் அமைந்துள்ள பழைய தாளையும், கிராமப் புல வரைபடத்தையும், 'அ' பதிவேட்டையும் தேடிப் பெறலாம். சாரல் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பங்கின் இளைஞர்களும் முதியவர்களும் சேர்ந்து ஒரு நீர்வழியை அதன் தலைமடை முதல் மறுகால் வரை நடந்து பார்க்கலாம். பிற சமய அன்பர்களையும் அழைத்துக்கொள்வது நன்று. நீர் எந்தச் சமயத்தாரையும் பிரித்துப் பாய்வதில்லை. பார்த்ததை எழுதி வைக்கலாம். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபையில் எழுந்து நின்று, தாளைக் காட்டிக் கேட்கலாம். நீர்நிலைகளின் பாதுகாப்புக்கென 2007-இல் இயற்றப்பட்ட தமிழகச் சட்டம் நமக்குத் துணையுண்டு.

நூறாண்டு கழித்து ஒருவர் நம் காலத்துத் தாளை விரிப்பார். எந்தெந்த நீலம் அழிந்தது, எது மீண்டது என்று விரலால் தடவிப் பார்ப்பார். நாம் யாரென்று அவருக்குத் தெரியாது. நம் பெயர் அந்தத் தாளின் ஓரத்தில் இராது. ஆனால் இந்தத் தலைமுறையின் கையில் வரைபடம் இருந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.